சிறைமதிலின் அருகே ஒரு நூலகம்

இலண்டன் மாநகரில், தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள சவுத்வார்க் பகுதியிலே, பறோ ஹை ஸ்ரீற் என்னும் பழைய வீதியின் ஓரமாக ஒரு பொது நூலகம் உண்டு. ஜோன் ஹார்வார்ட் நூலகம் என்பது அதன் பெயர். அதன் பக்கமாக ஏஞ்சல் பிளேஸ் எனப்படும் ஒடுங்கிய ஒழுங்கையொன்று செல்கின்றது. அவ்வொழுங்கையிலே காலத்தாற் கறுத்த செங்கல் மதிலொன்று நிற்கின்றது. கடன்பட்டோரை அடைத்துவைத்த மார்ஷல்சீ சிறைச்சாலையின் எச்சமாக இன்று காணக்கிடப்பது அந்த மதிலே.

1824ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், வெதுப்பக உரிமையாளர் ஒருவருக்குச் செலுத்தவேண்டிய 40 பவுண் 10 சிலிங் கடனைத் தீர்க்க இயலாத எழுதுவினைஞர் ஒருவர் இச்சிறையில் அடைக்கப்பட்டார். கடற்படைச் சம்பள அலுவலகத்திற் பணிபுரிந்த அவருடைய பெயர் ஜோன் டிக்கன்ஸ். மனைவியும் இளைய பிள்ளைகளும் போக்கிடமின்றிச் சிறைக்குள்ளேயே அவருடன் சென்று குடியிருந்தனர். பன்னிரண்டு வயதான மகன் சார்ள்ஸ் வெளியே தங்கினான். சப்பாத்து மை தயாரிக்கும் தொழிற்சாலையொன்றிற் போத்தல்களுக்குச் சுட்டுத்துண்டு ஒட்டுவது அவனது வேலை. கூலி வாரத்துக்கு ஆறு சிலிங். ஞாயிற்றுக்கிழமைகளிற் சிறைக்குச் சென்று பெற்றோரைக் கண்டு திரும்புவான்.

அச்சிறுவனே பின்னாளில் ஆங்கில நாவலுலகின் பெருங்கலைஞனாக விளங்கிய சார்ள்ஸ் டிக்கன்ஸ் என்பதை வாசகர் அறிவர். தந்தையைச் சிறைவைத்த நிலத்தை அவர் 'லிட்டில் டொரிட்' நாவலில் (1855–57) அழியாத சித்திரமாக்கினார். இன்று அந்நிலத்தின் அருகே, எவரும் காசின்றி நுழைந்து அமரக்கூடிய நூலகமொன்று நிற்பது வரலாறு தற்செயலாகச் செய்த நற்காரியம் என்றே எண்ணத் தோன்றுகின்றது. டிக்கன்ஸின் பெயரால் நூலகங்கள் எடுக்கும் விழாக்களைப் பற்றி எழுத முற்படும்போது, அம்மதிலும் அந்நூலகமும் அடுத்தடுத்து நிற்கும் காட்சியே முதலில் மனக்கண்ணில் எழுகின்றது.

விழாக்கள் எத்தகையன?

டிக்கன்ஸ் பிறந்தது 1812ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் நாள், போர்ட்ஸ்மவுத் துறைமுக நகரிலே. ஆண்டுதோறும் அந்நாளை ஒட்டியும், 'எ கிறிஸ்மஸ் கரோல்' என்னும் அவரது குறுநாவலை முன்னிட்டு டிசெம்பர் மாதத்திலும், ஆங்கிலம் வழங்கும் நாடுகளின் நூலகங்கள் பல அவரை நினைவுகூர்கின்றன. உரத்த வாசிப்பு, வாசகர் வட்டக் கலந்துரையாடல், பழம் பதிப்புகளின் காட்சி, சிறுவருக்கான சித்திரப் பட்டறை, நாவல்களில் வரும் தெருக்களினூடே நடைப்பயணம் என்பன வழமையான நிகழ்ச்சிகள். தேநீரும் கேக்கும் உண்டு. அக்கால உடையணிந்து வருவோரும் உளர்.

2012ஆம் ஆண்டு அவருடைய இருநூறாவது பிறந்தநாள் வந்தது. வெஸ்ற்மின்ஸ்ரர் மடாலயத்திலுள்ள கல்லறையில் அன்றைய இளவரசர் சார்ள்ஸ் மலர்வளையம் சாத்தினார். பிரித்தானிய மன்றம் ஒரே நாளில் இருபத்துநான்கு நாடுகளில் தொடர்வாசிப்பு நடத்தியது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகர இலவச நூலகமோ அவ்வாண்டு முழுவதையுமே டிக்கன்ஸ் ஆண்டாகக் கொண்டாடியது. அந்நூலகத்தின் அரிய நூற்பிரிவிலே, கிறிப் என்னும் பெயருடன் டிக்கன்ஸ் வளர்த்த அண்டங்காக்கை, 1841இல் இறந்தபின் பதப்படுத்தப்பட்டு, இன்றும் கண்ணாடிப் பேழையுள் வீற்றிருக்கின்றது. 'பார்னபி ரட்ஜ்' நாவலில் இப்பறவைக்கு இடமளித்தார் டிக்கன்ஸ். அந்நாவலுக்கு விமர்சனம் எழுதிய எட்கார் அலன் போ, பின்னர் 1845இல் வெளியிட்ட புகழ்பெற்ற கவிதைக்கு இப்பறவையே தூண்டுதலாயிருந்தது என்பர். பேழையின் முன்னே நின்று அக்காக்கையைப் பார்க்கும் பாலகன் ஒருவன் ஒரு நாவலின் வாயிலுக்கு வந்துவிட்டான் என்றே கொள்ளலாம்.

சிலை வேண்டாமென்றவர்

நாவலாசிரியரைக் கொண்டாடுவதற்குச் சிலையெடுப்பதும் மண்டபம் கட்டுவதும் உலக வழக்கு. எமது மக்களிடத்தும் அவ்வழக்கு உண்டு. ஆயின் டிக்கன்ஸ் அதனை விரும்பவில்லை. 1869ஆம் ஆண்டு மே மாதத்தில் எழுதிய மரணசாசனத்தில், தமது இறுதிச்சடங்கு ஆரவாரமின்றிச் சிக்கனமாக நடைபெற வேண்டுமென்றும், தமக்கு நினைவுச்சின்னம் எதனையும் நண்பர்கள் எழுப்பலாகாதென்றும், தாய்நாட்டின் நினைவில் தமக்குரிய இடம் தமது நூல்களின் வழியே கிடைத்தாற் போதுமென்றும் அவர் திட்டமாகக் குறிப்பிட்டார். 1870ஆம் ஆண்டு யூன் 9ஆம் நாள் அவர் காலமானபோது அவ்விருப்பம் முழுமையாகப் பேணப்படவில்லை. நாட்டின் பெருங் கவிஞர்கள் துயிலும் வெஸ்ற்மின்ஸ்ரர் மடாலயத்திலேயே அவரை அடக்கஞ் செய்தனர். எனினும் சிலைகள் பெருகவில்லை. பிறந்த ஊரான போர்ட்ஸ்மவுத்திற்கூட 2014ஆம் ஆண்டிலேதான் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது.

இச்சாசனத்தை மனத்திற்கொண்டு பார்க்குமிடத்து, அவர் உடன்பட்டிருக்கக்கூடிய விழா நூலக விழா ஒன்றே எனலாம். அங்கே அவருடைய உருவம் முக்கியமன்று. நூல் திறக்கப்படுகின்றது, ஒருவர் வாசிக்கின்றார், பலர் கேட்கின்றனர். இதனை ஊகத்தாற் கூறவில்லை. பொது நூலகம் என்னும் அமைப்பு இந்நாட்டிற் பிறந்த வேளையில் தொட்டிலருகே நின்றவர்களுள் அவரும் ஒருவர்.

மான்செஸ்டர், 1852

இங்கிலாந்தின் பொது நூலகச் சட்டம் 1850ஆம் ஆண்டு நிறைவேறியது. வில்லியம் யூவார்ட் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் அதனைக் கொண்டுவந்தார். கொத்தனாகத் தொழில் பயின்று, தாமே கற்றுயர்ந்த எட்வேர்ட் எட்வேர்ட்ஸ் என்னும் நூலகர் அதற்கு வேண்டிய தரவுகளைத் திரட்டினார். எதிர்ப்பும் இல்லாமலில்லை. வாசிப்பதே தமக்குப் பிடிக்காதென்றும், ஒக்ஸ்போர்ட்டிற் பயின்ற நாளிலேயே அதனை வெறுத்ததாகவும் சிப்தோர்ப் என்னும் உறுப்பினர் சபையிலே கூறினார். ஏழைகள் வாசிக்கத் தொடங்கினால் நாட்டில் அமைதி கெடும் என அஞ்சியோரும் இருந்தனர். இறுதியில் நிறைவேறிய சட்டம் மெலிந்ததொரு சட்டமே. சொத்துப் பெறுமதியில் ஒரு பவுணுக்கு அரைப் பென்ஸ் வீதம் நகரசபைகள் வரி அறவிடலாம்; அதைக்கொண்டு கட்டடமும் ஊழியர் சம்பளமும் கொடுக்கலாம்; நூல் வாங்குதல் மட்டும் ஆகாது. நூல்களை நன்கொடையாகவே திரட்ட வேண்டியிருந்தது. மான்செஸ்டர் நகரிலே செல்வந்தரோடு ஆலைத் தொழிலாளரும் தம்மாலியன்ற சிறு தொகைகளை அதற்காக வழங்கினர்.

1852ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் நாள் கேம்ப்பீல்ட் என்னுமிடத்தில் மான்செஸ்டர் இலவச நூலகம் திறந்துவைக்கப்பட்டது. எட்வேர்ட்ஸ் அதன் முதல் நூலகர். டிக்கன்ஸ், தக்கரே, புல்வர் லிற்றன் ஆகிய மூன்று நாவலாசிரியர்கள் மேடையிலிருந்தனர். தக்கரே பேச எழுந்து, சில வாக்கியங்களுக்குப் பின் சொல் வராது தடுமாறி அமர்ந்துவிட்டார் என்பது அவ்விழாவின் சிறு செய்தி. டிக்கன்ஸின் பேச்சோ சபையை ஈர்த்தது. அக்காலத்தில் 'மான்செஸ்டர்ப் பள்ளி' என்பது தடையற்ற வணிகக் கொள்கையாளரைக் குறிக்கும் சொற்றொடர். அத்தொடரின் பொருளைப் பல காலமாக விசாரித்தும் ஆளுக்கொரு விளக்கமே கிடைத்ததாகவும், மிக எளிய தொழிலாளியையும் உள்ளே வந்து கற்குமாறு அழைக்கின்ற இந்நூலகமே அப்பள்ளி என்பதை இன்று கண்டுகொண்டதாகவும் அவர் சிலேடையாகப் பேசினார்.

அப்பேச்சு வெறும் மேடைச் சொல்லன்று. அனுபவத்தின் வழி வந்தது. சிறுபராயத்திலே தந்தையின் வீட்டில் இருந்த சில நூல்களே அவருக்கு உலகமாயிருந்தன. பீல்டிங், ஸ்மொலற், டீபோ முதலியோரின் கதைகளும் அரபுக் கதைகளும் அவற்றுள் அடங்கும். கடன் நெருக்கிய நாட்களில் அந்நூல்களை ஒவ்வொன்றாகப் பழம்புத்தகக் கடைக்குக் கொண்டுசென்று விற்றுவரும் பணி அச்சிறுவனிடமே ஒப்படைக்கப்பட்டது. தான் நேசித்த கதையைத் தன் கையாலேயே விற்று அப்பம் வாங்கிய பிள்ளை அவர். பதினெட்டு வயது நிரம்பியதும், 1830ஆம் ஆண்டு, பிரித்தானிய அரும்பொருட் சாலையின் வாசகசாலைக்கு அனுமதிச்சீட்டுப் பெற்றார். முறையான பள்ளிக்கல்வி சில ஆண்டுகளே வாய்த்த அவருக்கு அவ்வாசகசாலையே பல்கலைக்கழகமாயிற்று.

நூல்களின் அன்றைய விலையையும் இங்கே நோக்குதல் தகும். மூன்று பாகங்களில் வெளியான புதிய நாவலொன்றின் விலை 31 சிலிங் 6 பென்ஸ். மை ஆலையிற் சிறுவன் சார்ள்ஸ் பெற்ற கூலியில் அது ஐந்து வாரத்துக்கும் மேற்பட்ட உழைப்பு! 1836இல் 'பிக்விக் பேப்பர்ஸ்' மாதம் ஒரு சிலிங் விலையில் உதிரி இதழ்களாக வெளிவந்தமையே டிக்கன்ஸின் பெயரை நாடெங்கும் பரப்பியது. தொடர் முடியும் வேளையில் ஓரிதழ் 40,000 பிரதிகள் வரை விற்றது. அந்த ஒரு சிலிங்கையும் தனியே செலவிட இயலாதோர் கூட்டாக வாங்கி, எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க மற்றையோர் சூழ்ந்திருந்து கேட்டனர். ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டல் என்பது எம் ஊர்களின் வாசிகசாலைகளிலும் வழங்கிய முறைதானே? மடத்துத் திண்ணையிற் புராணபடனம் கேட்ட மரபினர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அடுத்த ஆண்டு, 1853 டிசெம்பர் மாத இறுதியில், பேர்மிங்ஹாம் நகர மண்டபத்தில் டிக்கன்ஸ் மூன்று நாட்கள் தமது கதைகளைத் தாமே வாசித்தார். தொழிலாளருக்கான கல்வி நிலையம் ஒன்றுக்கு நிதி சேர்ப்பதே நோக்கம். மூன்றாம் நாள் வாசிப்புக்குத் தொழிலாளரே வந்தமர வேண்டும், அவர்களால் இயலும் விலைக்கே சீட்டு விற்கப்பட வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. அன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்திருந்து 'கிறிஸ்மஸ் கரோல்' கேட்டனர். இன்று நூலக மண்டபங்களில் நடைபெறும் டிசெம்பர் மாத வாசிப்புகளின் மூதாதை அதுவே.

1854இல் வெளியான 'ஹார்ட் டைம்ஸ்' நாவலிலும் ஒரு நூலகம் வருகின்றது. உண்மைத் தரவுகளைத் தவிர வேறெதுவும் கற்பிக்கலாகாது என்னும் கொள்கையாளரான கிராட்கிரைண்டுக்கு, ஆலை நகரத்து நூலகம் பெருங்கவலை தருகின்றது. நாளெல்லாம் இயந்திரத்தோடு மாரடித்துக் களைத்த தொழிலாளர், மாலையில் அங்கே சென்று கணித நூல்களை எடுக்காது கதைகளை எடுக்கின்றார்களே, இதற்குக் காரணம் யாது என்று அவர் மண்டையைக் குடைந்துகொள்கின்றார். மனிதருக்கு மனிதரின் கதை வேண்டும் என்னும் விடை அவருக்கு இறுதிவரை எளிதிற் பிடிபடுவதில்லை.

ஒரு வாசகியின் கடிதம்

கொண்டாட்டம் என்பது குறைகளை மறைத்தலாகாது. டிக்கன்ஸிடத்துக் குறைகள் உண்டு. அவற்றுட் சில எம்போன்ற மக்களை நேரே சுடுவன. 1857இல் இந்தியாவிற் சிப்பாய்களின் எழுச்சி நிகழ்ந்தபோது, அவ்வினத்தையே பூண்டோடு அழிக்க வேண்டும் என்னும் கருத்துப்பட அவர் தமது நண்பியான செல்வச் சீமாட்டி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். இலண்டன் ஏழைச் சிறுவனுக்காக உருகிய அதே உள்ளம், கடல் கடந்த மக்களின் துன்பத்தின்முன் கல்லாயிற்று. விழா எடுப்போர் இதனை மேடையிற் சொல்லாது விடுவரேல் அது பாதி விழாவே.

இதற்கு மாறான சம்பவம் ஒன்றும் உண்டு. 'ஒலிவர் டுவிஸ்ட்' நாவலில் சிறுவரைத் திருட்டுக்குப் பழக்கும் பேகின் என்னும் பாத்திரத்தை, அவன் பெயராலன்றி 'யூதன்' என்னும் இனப்பெயராலேயே டிக்கன்ஸ் நூற்றுக்கணக்கான இடங்களிற் சுட்டினார். 1863ஆம் ஆண்டு எலைசா டேவிஸ் என்னும் யூதப் பெண்மணி, அவ்வாறு எழுதியதால் தமது மக்களுக்குப் பெருந்தீங்கு இழைக்கப்பட்டது என அவருக்குக் கடிதம் வரைந்தார். டிக்கன்ஸ் முன்பு குடியிருந்த இல்லத்தை அவரிடமிருந்து விலைக்கு வாங்கிய குடும்பத்தினர் இவர்கள். டிக்கன்ஸ் முதலிற் தம்மை நியாயப்படுத்தியே பதிலெழுதினார். ஆயினும் அக்கடிதம் அவர் மனத்தில் தைத்தது. அடுத்து எழுதிய 'அவர் மியூச்சுவல் பிரெண்ட்' நாவலில் (1864–65) ரையா என்னும் நற்பண்பாளரான யூத முதியவரைப் படைத்தார். 1867ஆம் ஆண்டுப் பதிப்பில் 'ஒலிவர் டுவிஸ்ட்' நூலின் பிற்பகுதி அத்தியாயங்களிலிருந்து அவ்வினச் சுட்டை மிகப் பல இடங்களில் நீக்கினார். அவ்வாண்டிலே எலைசா அம்மையார் எபிரேய–ஆங்கில வேதாகமப் பிரதியொன்றை அவருக்கு அன்பளித்தார்.

சிறுபான்மை இனத்து வாசகி ஒருத்தியின் கடிதம் பேராசிரியன் ஒருவனின் பேனாவைத் திருத்திய வரலாறு இது. நூலக வாசகர் வட்டங்களிற் பேசப்பட வேண்டியது இதுவே என்பேன். அவ்வட்டத்தில் அமரும் புலம்பெயர்ந்தோர் ஒருவர், நாவலை மெச்சுவதற்கு மட்டுமன்றி அதனோடு வழக்காடுவதற்கும் தமக்கு உரிமையுண்டு என்பதை எலைசா டேவிஸிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

மூடப்படும் கதவுகள்

விழாக்கள் ஒருபுறமிருக்க, விழா நடக்கும் கூரையே ஆட்டங்காண்கின்றது. டிக்கன்ஸுக்கு இருநூறாண்டு விழா எடுத்த அதே காலத்திலே பிரித்தானியாவின் உள்ளூராட்சிச் சபைகள் செலவைச் சுருக்கும் பெயரால் நூலகங்களை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. 2010ஆம் ஆண்டு தொடங்கிய பத்தாண்டுக் காலத்துள் மூடப்பட்டவை எண்ணூறுக்கு அண்மித்தவை. திறந்திருப்பவற்றுட் சிலவற்றில் வேலைநேரம் குறைந்தது. சில தொண்டர்களின் கைக்கு மாறின. அரைப் பென்ஸ் வரியோடு பிறந்த நிறுவனத்துக்கு மீண்டும் அரைப் பென்ஸ் காலம் வந்துவிட்டது போலும்.

இதனால் முதலில் இழப்பவர் யாவர்? வீட்டில் நூல் அடுக்கும் தனியறையும் உடையோர் அல்லர். இந்நாட்டுக்கு வந்த முதற் குளிர்காலத்தில், அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில், பகற்பொழுதைப் பகுதி நூலகமொன்றிற் கழித்தவன் நான். பல்கலைக்கழகத்தில் மாணவருக்கு வகுப்பெடுத்தவன் அங்கே சிறுவர் பகுதியின் தாழ்ந்த கதிரைக்கு அருகே, வெப்பக் குழாயை ஒட்டி அமர்ந்திருந்தேன். நான் சென்ற அலுவலகங்கள் யாவற்றிலும் இலக்கம் கேட்டனர், பத்திரம் கேட்டனர். அந்நூலகத்தில் மட்டும் எவரும் எதுவும் கேட்கவில்லை. அங்கே நடந்த வாசிப்பு மாலையொன்றில், பெயரறியாத முதியவர் ஒருவர் 'டேவிட் கொப்பர்பீல்ட்' நூலின் சில பக்கங்களை வாசிக்க, மழைக்கு ஒதுங்கியோர் சிலரும் நானும் கேட்டிருந்தோம். முடிவில் அவர் என்னிடம் நூலைப் பற்றிக் கேட்டார். ஊரைப் பற்றிக் கேட்கவில்லை. அன்று எனக்கு அது பெரிய ஆறுதலாயிருந்தது.

நூலகம் இல்லாதொழிதல் யாது என்பதை எமக்குப் பிறர் சொல்லித் தரவேண்டியதில்லை. 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தமது இல்லத்திலே தொடங்கிய சிறு வாசிகசாலையிலிருந்து வளர்ந்த யாழ்ப்பாணப் பொது நூலகம், 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தீயிடப்பட்டது. 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. பழைய நூலகத்தை என் தலைமுறையினர் கண்டதில்லை. மூத்தோர் கூறக் கேட்டே வளர்ந்தோம். கட்டடம் பின்னர் மீள எழுந்தது. அழிந்த சுவடிகள் மீளவில்லை. தீயினால் அழிவதும் நிதி மறுப்பினால் மூடப்படுவதும் ஒன்றல்ல. முன்னையது கொடுமை, பின்னையது அலட்சியம். ஆயினும் பூட்டிய கதவின் முன்னே நிற்கும் பிள்ளைக்கு இரண்டின் விளைவும் ஏறக்குறைய ஒன்றே.

எம்மால் ஆவது

இலண்டனிலே தமிழர் செறிந்து வாழும் பகுதிகள் சிலவற்றின் நூலகங்களில் தமிழ் நூல் அடுக்குகள் உள்ளன. அவற்றை எடுப்போர் குறைந்தால், இடம் போதாதெனச் சொல்லி அகற்றுவதற்கு நாளாகாது. நூலகத்தில் எடுக்கப்படும் ஒவ்வொரு நூலும், நிகழ்ச்சிக்கு வரும் ஒவ்வொரு தலையும் கணக்கில் எழுதப்படுகின்றது. கதவைத் திறந்து வைப்பதா மூடுவதா என்று முடிவெடுப்போர் நோக்குவதும் அக்கணக்கையே. எனவே பெப்ரவரியிலோ டிசெம்பரிலோ உங்கள் பகுதி நூலகத்தில் டிக்கன்ஸ் வாசிப்பு நடைபெறுமாயின் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு செல்லுங்கள். பாடசாலையில் ஆங்கிலம் பயிலும் பிள்ளை முன்வரிசையில் அமரட்டும். ஆங்கிலம் முழுதும் விளங்காத பாட்டி பின்வரிசையில் அமர்ந்தாலும் குறைவில்லை. வாசிப்பின் ஏற்றவிறக்கம் மொழி கடந்து செல்லும்.

இன்னொன்றும் செய்யலாம். அதே நூலகரிடம் சென்று, எங்கள் நாவலாசிரியர் ஒருவருக்கும் ஒரு மாலை ஒதுக்கித் தருவீர்களா எனக் கேட்கலாம். கே. டானியலை எடுத்துக்கொள்வோம். ஒடுக்கப்பட்ட சமூகத்திற் பிறந்து, யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையை அதன் அடியில் நின்று கண்டு, 1972இல் 'பஞ்சமர்' நாவலைத் தந்தவர். 1986இல் பிறந்த மண்ணுக்கு அப்பால், தஞ்சாவூரில் உயிர்நீத்தவர். மார்ஷல்சீ மதிலுக்குள் நடந்ததை அறிந்த பிள்ளைக்குப் 'பஞ்சமர்' காட்டும் வேலிகளை விளக்குவது கடினமன்று. டிக்கன்ஸைத் திருத்த ஓர் எலைசா டேவிஸ் வேண்டியிருந்ததைப்போல, எம் சமூகத்தைத் திருத்த டானியல் வேண்டியிருந்தார். இவ்விருவரின் நூல்களும் ஒரே மண்டபத்தில், ஒரே வாரத்தில், இரு மொழிகளில் வாசிக்கப்படுமாயின் இங்கு வளரும் எம் பிள்ளைகள் தமது இரு வீடுகளையும் ஒருங்கே காண்பர்.

ஏஞ்சல் பிளேஸ் ஒழுங்கைக்கு ஒருமுறை சென்று வாருங்கள். கட்டணம் இல்லை. மதிலைத் தொட்டுப் பார்த்தபின் அருகிலுள்ள நூலகத்துள் நுழைந்து, எந்த நூலையேனும் எடுத்துக்கொண்டு சற்றுநேரம் அமர்ந்திருங்கள். நினைவுச்சின்னம் வேண்டாமென்று எழுதிவைத்த அம்மனிதருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.